இரண்டு ஜாக்கியும் ஒரு முட்டையும்

தகரத் தட்டில் புளியங்கொட்டை விழும் சத்தம் கேட்டால் இன்றும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது. ஜப்பான்காரன் காலத்தில், பினாங்கு ஜோர்ஜ் டவுனில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில், ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா, அம்மா, சித்தப்பா, ஒன்பது வயதுச் சிறுமியான நான் ஆகிய நால்வரும் பாயில் உட்கார்ந்து 'போக்கர்' ஆடுவோம். ஜப்பான்காரன் அச்சடித்துத் தள்ளிய 'வாழைமர நோட்டை' யார் சீந்துவார்கள், புளியங்கொட்டைதான் பந்தயம்.

கடைசிக் கையை வென்றவருக்கு ஓர் அவித்த முட்டை. வாரமெல்லாம் மரவள்ளிக்கிழங்கு தின்ற வாய்க்கு அது என்ன லேசுப்பட்டதா! எங்கள் ஒற்றைக் கோழி இட்டதை முன்பெல்லாம் நாலாக அறுப்போம். அம்மாவின் துண்டு எப்படியும் என் தட்டுக்கு வந்துவிடும். "இது சரிவராது. வெல்லுற ஆள்தான் முழுசையும் தின்ன வேணும், ஒருத்தருக்கும் குடுக்கக் கூடாது" என்று சட்டம் போட்டவர் சித்தப்பா.

அவர் வேலை பார்த்த 'கந்தோரில்' கற்றுவந்த ஆட்டம் அது. ஆளுக்கு ஐந்து சீட்டு. வேண்டாததைப் போட்டுவிட்டு ஒருமுறை மாற்றலாம். ஒரே எண்ணில் இரண்டு சேர்ந்தால் ஜோடி, மூன்று சேர்ந்தால் அதற்கு மேல், ஐந்தும் ஒரே இனமென்றால் இன்னும் மேல். ஒருவர் பந்தயத்தை ஏற்றினால் மற்றவர்கள் ஈடு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சீட்டை மடக்க வேண்டும். எல்லோரும் மடக்கிவிட்டால், மிஞ்சியவர் கையில் என்ன குப்பை இருந்தாலும் வெற்றி அவருக்கே.

அன்று கடைசிக் கையில் எனக்கு இரண்டு ஆஸ்! அதைவிடப் பெரிய ஜோடி கிடையாது. முட்டை எனக்குத்தான் என்று பூரித்திருந்தபோது, அம்மா தன் கொட்டை முழுவதையும் நடுவில் தள்ளினாள். முகத்தில் அப்படியொரு தெம்பு. அப்பா மடக்கினார், சித்தப்பாவும் மடக்கினார். பயந்துபோய் நானும் மடக்கினேன்.

"ரெண்டு ஜாக்கி! இதுக்கு மேல என்ன இருக்கு?" என்று அம்மா சீட்டை விரித்தாள்.

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ அண்ணி, இது முன்னூற்றுநாலு இல்லை! அதிலதான் ஜாக்கி பெரிசு, இதில ஆஸ்தான் பெரிசு!"

யாழ்ப்பாணத்தில் சிறுவயது முதல் முன்னூற்றுநாலு ஆடிய கை வேறெப்படி எண்ணும்? நான் என் சீட்டைப் புரட்டிக் காட்டி 'ஓ'வென்று அழுதேன். அம்மா உடனே முட்டையை என் பக்கம் நகர்த்தினாள்.

"சட்டம் சட்டம்தான்" என்று அப்பா தடுத்துவிட்டார்.

பிறகு உப்பைத் தொட்டுத் தொட்டு, மஞ்சள் கருவைக் கடைசிக்கு வைத்து, அவசரமே இல்லாமல் அம்மா முழுவதையும் தின்றாள். அழுவதை மறந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் குளிர்பெட்டியில் முட்டை அட்டையோடு கிடக்கிறது. முன்னூற்றுநாலு ஆட வீட்டில் ஆளில்லை. பேரன் கைப்பேசியில் போக்கர் ஆடுகிறான். "ரெண்டு ஆஸை வச்சுக்கிட்டு யாராச்சும் மடக்குவாங்களா லா, அம்மம்மா?" என்று கேலி செய்கிறான். செய்யட்டும். நான் மடக்கியதால்தான், அம்மா ஒரு முழு முட்டை தின்றதை என் ஆயுளில் ஒரு தடவையாவது பார்த்தேன்.