மேற்கோள் பட்டியலில் என் மனைவியின் மாத்திரை

திண்டுக்கல்லில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எழுதுகிற கட்டுரையைப் பத்திரிகைக்காரன் முகத்தில் எறியாதபடி ஒழுங்கு பண்ணத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான், இருக்கட்டும். சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து ஆறாம் வகுப்போடு பஸ் ஏறி வந்தவன் நான். அச்சாபீஸில் மை துடைத்தேன், தட்டச்சு கற்றேன், கடன் வாங்காமல் கம்ப்யூட்டர் வாங்கினேன். இன்றைக்குக் கீழே கடை, மேலே வீடு. எவனும் தூக்கிவிடவில்லை.

மருத்துவப் பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள், தங்களுக்கு முன்னால் யார் யார் என்னென்ன எழுதினார்கள் என்று கடைசியில் ஒரு பட்டியல் போட வேண்டும். ரெஃபரன்ஸ் என்பார்கள். எழுதினவர் பெயர், கட்டுரையின் தலைப்பு, பத்திரிகையின் சுருக்கப் பெயர், வருஷம், பக்கம். ஒரு பத்திரிகைக்காரன் முதலெழுத்துக்குப் பின்னால் புள்ளி வை என்பான், இன்னொருத்தன் வைக்காதே என்பான். வருஷத்துக்குப் பிறகு இடைவெளி விட்டால் ஒருத்தனுக்குக் கோபம் வரும். ஆபரேஷன் பண்ணுகிற டாக்டருக்கே இதைக் கண்டால் கை நடுங்கும். எனக்கு மல்லிகை தொடுக்கிற மாதிரி.

இத்தனைக்கும் இங்கிலீஷ் படித்து அர்த்தம் சொல்ல எனக்கு வராது. மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான். அதுதான் என் கடையின் பலமும். நோயாளியின் விவரம் எல்லாம் இருக்கிற காகிதத்தை நம்பி என் மேஜையில் போட்டுவிட்டுப் போவார்கள். "ஐயா கண்ணுதான் பாக்கும், மனசு படிக்காது" என்று நானே சொல்லிச் சொல்லி அந்தப் பெயரை வாங்கி வைத்திருந்தேன்.

ஆனால் வருஷக்கணக்காக ஒத்துப் பார்த்தால் சில சொற்கள் தாமாக ஒட்டிக்கொள்ளும். இறப்புச் சான்றிதழ் மனு அடித்து அடித்து 'டெத்' என்ற சொல் எனக்கு மனப்பாடம்.

போன மழைக்காலத்தில் ஒரு டாக்டரம்மா கட்டுரை கொண்டுவந்தார். சின்ன வயசு, நல்ல பிள்ளை. "பட்டியல் மட்டும் கோணல்மாணலா இருக்குய்யா. நீங்கதான் நேராக்கணும்" என்று கொடுத்துவிட்டுப் போனார். நான் எப்போதும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். முன்பக்கங்களில் எனக்கு வேலை இல்லை.

நாலைந்து வரி தாண்டுவதற்குள் ஒரு நீளமான சொல் கண்ணில் பட்டது. எங்கேயோ பார்த்த வடிவம். அடுத்த தலைப்பிலும் அதே சொல். அதற்குப் பக்கத்தில் டெத். அதற்கடுத்த தலைப்பிலும் இரண்டும் ஜோடியாக நின்றன. மாடி ஏறிப்போய் மனைவியின் மருந்து டப்பாவைத் திறந்தேன். மூட்டுவாதத்துக்காக அவள் வருஷக்கணக்காகத் தின்கிற சின்ன வெள்ளை மாத்திரையின் அட்டையை எடுத்து வந்து, திரையோரம் பிடித்து, என் தொழில்முறைப்படி எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

தினமும் காலையில் தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக் கொடுக்கிறவன் நான்தான்.

யாரிடம் கேட்பது? டாக்டரம்மாவிடம் கேட்டால், இந்த ஆள் படிக்கிறான் என்று ஊரெல்லாம் தெரிந்துவிடும். மாத்திரை எழுதிக் கொடுத்த மதுரை டாக்டரிடம் கேட்டால் ஒப்புக்கொள்வாரா? என் புத்திக்கு எட்டியதை நானே செய்தேன். எல்லா அட்டைகளையும் கொண்டுவந்து பிரிண்டருக்கு அடியில் இருந்த டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

மறுநாள் காலையில் அவள் டப்பாவைக் குடைந்தாள். "ஏங்க, என் மாத்திரைய எங்க வச்சீக?"

"தேதி முடிஞ்சு போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"வேற வாங்கிட்டு வாங்க."

"ஸ்டாக் இல்லையாம்."

"பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அம்புட்டுக் கடை கெடக்கு. ஒருத்தன்கிட்டயுமா இல்ல? பூட்டு ஊருல பூட்டு இல்லேங்கிற மாதிரில்ல இருக்கு!"

சிரித்து மழுப்பினேன். அடுத்த நாளும் அதே பொய்தான். அன்றைக்குச் சாயங்காலமே அவள் நடை தளர்ந்தது. அதற்கு மறுநாள் காலையில் ஒரு வாய் இட்லி இறங்கவில்லை, குடித்த தண்ணீரும் வெளியே வந்தது. உதடு வெளுத்துப் படுத்திருந்தாள். அய்யோ, விஷம் ஏற்கெனவே உள்ளே இறங்கிவிட்டதே, நிறுத்தியும் பிரயோஜனம் இல்லாமல் போய்விட்டதே என்று நான் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். என் கையால் கொடுத்த மாத்திரை.

ஆட்டோ கூப்பிடக் கீழே இறங்கினேன். கடை வாசலில் டாக்டரம்மா நின்றிருந்தார். பட்டியல் வாங்க வரச்சொன்ன நாள் அது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"என்னங்கய்யா, முகமெல்லாம் இப்படி வேர்த்திருக்கு?"

மாடியைக் கைகாட்டினேன். இரண்டிரண்டு படியாக ஏறினார். நாடியைப் பிடித்தார், கண் இமையை விலக்கிப் பார்த்தார். "அம்மா என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தால் என் கடையின் பெயர் போய்விடும். திறக்காவிட்டால் அவள் போய்விடுவாள். ஓடிப்போய் டிராயரைத் திறந்து அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தேன்.

"இதத்தான் டாக்டரம்மா தின்னா. நான் நிறுத்திட்டேன். முந்தாநாள்லேருந்து குடுக்கல."

"நிறுத்தினீங்களா? யார் நிறுத்தச் சொன்னா?"

"உங்க பட்டியல்ல... இந்தப் பேருக்குப் பக்கத்துல சாவுன்னு..."

அவர் முகம் மாறியதை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். "ஐயா! அது இந்த மாத்திரையத் தின்னவங்க செத்த கதை இல்ல. வருஷக்கணக்கா இதுக்குப் பழகின உடம்புல திடீர்னு நிறுத்துனா பிரஷர் விழுந்துடும்; அப்படி நிறுத்துனவங்க செத்த கதை. என் கட்டுரையே அதுதான்யா!"

தலைப்புகளில் எனக்குத் தெரிந்த சொற்கள் இரண்டுதான். நிறுத்தியதைச் சொன்ன மூன்றாவது சொல்லையும் நான் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்திருக்கிறேன். புள்ளி பிசகாமல் அடித்தும் இருக்கிறேன்.

அவரே கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏற்றினார். ஆட்டோவிலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினார். போனதும் ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். "பிரஷர் ஏறுதா, ஏறுதா?" என்று வருகிற நர்ஸை எல்லாம் கேட்டேன். கடைசியில் ஒரு நர்ஸ், "நீங்க படுங்க, உங்களுக்கும் பாத்துடுறேன்" என்று அதட்டினாள். மதியத்துக்கு மேல் என் மனைவி கண் திறந்து, "ஸ்டாக் வந்துருச்சா?" என்று கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

டாக்டரம்மா நடந்ததை அவளிடம் சொன்னார். போகும்போது என்னிடம், "பட்டியல நீங்களே முடிச்சுக் குடுங்கய்யா. வேற ஆள் கிட்ட நான் போக மாட்டேன்" என்றார். முடித்துக் கொடுத்தேன். பத்திரிகைக்காரன் அதில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. தொடமாட்டான், அது வேறு விஷயம். ஆனால் அந்த நீளப் பெயர் வருகிற ஒவ்வொரு வரியிலும் நின்று, அந்த மூன்றாவது சொல்லை இன்னொரு தரம் ஒத்துப் பார்த்தேன்.

இப்போது மாத்திரை டப்பா என் கைக்கு எட்டுகிற இடத்தில் இல்லை. அட்டையை அவள் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். காலையில் தண்ணீர்ச் செம்போடு நான் போய் நின்றால், முடிச்சை அவிழ்த்துத் தானே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள்.

"தண்ணிய வச்சிட்டுப் போங்க. நீங்க கீழ போயி உங்க புள்ளியப் பாருங்க."

வைத்துவிட்டு, அவள் விழுங்குகிற வரைக்கும் நிற்கிறேன்.