பிலவேந்திரனின் நான்கு தூண்டில் கழிகள்

முகத்துக்கு நேரே பேசிப் பேசியே பாதி ஊரைப் பகைத்துக்கொண்டவன் நான். பிலவேந்திரன் எனக்கு நேர்மாறு. மனைவி உபகாரமேரி குழம்பில் உப்புப் போட மறந்தாலும், "இன்னிக்கு நல்லாக்கீதும்மா" என்று தட்டை வழித்துச் சாப்பிடுகிற ஆள். இதற்காகவே அவனை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

பத்து வருடங்களுக்கு முன் மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு லோடு சரிந்து அவன் மேல் விழுந்தது. இடது கை விளங்காமல் போய்விட்டது. ஒற்றைக் கையால் வலை வீச முடியாது, கரும்பு வெட்ட முடியாது. தூண்டில் போடலாம். கழியின் அடியை இடுப்பு பெல்ட்டில் முட்டுக்கொடுத்து, பெண்ணையாற்று மடுவில் விரால் பிடித்து விற்றான். அதில்தான் இரண்டு பேர் வயிறு நிறைந்தது.

கழிகள் எல்லாம் கல்மூங்கில், லேசில் பிளக்காத கெட்டி ரகம். மலைமேல் கரியாலூரில் இருக்கும் முனியன் தன் கொல்லை வேலியோரம் வெட்டிக் கொடுத்தவை. மலைக்குளிரில் வளர்ந்ததைக் கீழே கொண்டுவந்து வெயிலில் சாத்தினால் ஒரே வாரத்தில் வெடித்துவிடும். அதனால் பிலவேந்திரன் இரண்டு மாதம் நிழலில் ஆறவிடுவான். பிறகு விளக்கெண்ணெய் தடவி, அடுப்படி உத்தரத்தில் துணி வளையம் கட்டிப் படுக்கையாக மாட்டுவான். கத்திரி வெயிலில் ஈரத்துணியால் துடைப்பான், ஐப்பசி மழையில் அடுப்புப் புகை காட்டுவான். எந்தக் காலத்திலும் மூட மாட்டான். காற்று படாவிட்டால் மூங்கில் உள்ளுக்குள் வேர்த்து அழுகிவிடும். இதையெல்லாம் மேரிக்கு அவன் சொல்லிக் கொடுத்ததே இல்லை. அங்கேதான் கோட்டை விட்டான்.

போன ஆவணியில் வழக்கம்போல வேளாங்கண்ணிக்கு நடந்து போனான். அந்தப் பதினைந்து நாளும் பகலில் வெயில் கொளுத்தியது, சாயங்காலம் மழை கொட்டியது. அடுப்படி ஓடு ஒழுக, மேரி பதறிப்போனாள். நான்கு கழிகளையும் இறக்கி, எண்ணெய் பூசி, பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் சுற்றி, தகரக் கொட்டகைப் பரணில் வைத்தாள்.

திரும்பி வந்தவனிடம் அவளே அவிழ்த்துக் காட்டினாள். நானும் இருந்தேன். மேலே பளபளப்புக்குக் குறைவில்லை. பிலவேந்திரன் விரலால் தட்டிப் பார்த்தான். கணீரென்று கேட்க வேண்டிய நாலும் சத்தம் செத்துக் கிடந்தன.

"ஒரு சொட்டுத் தண்ணி படலீங்க" என்றாள் மேரி.

"நல்லா வச்சிக்கிற" என்றான்.

மறுநாள் மடுவோரம் அவனைப் பிடித்துக்கொண்டேன். "இதப் போயி இன்னாத்துக்குடா எடுத்துக்கினு வந்த? ஒடைச்சி அடுப்புல வையி. முனியன்கிட்ட வேற கேளு."

"ஏன்னு மேரி கேப்பாணா. அவ பண்ணதுன்னு தெரிஞ்சா சோறு துன்ன மாட்டா. கொஞ்ச நாள் போவட்டும், ஒண்ணொண்ணா மாத்திக்கிறேன்."

"இருக்கிறது ஒரு கை, பைத்தியக்காரா!"

சிரித்தான். எனக்கு ஓங்கி அறையலாம் போல இருந்தது.

மூன்றாம் நாள் காலை விரால் கடித்தது. பெரிதொன்றுமில்லை, ஒரு கிலோ தேறாது. கழி பிடியருகே நீளவாக்கில் பிளந்து, கூரான சிம்பு ஒன்று உள்ளங்கையில் ஏறிப் புறங்கையில் வந்து நின்றது. பிடுங்க அவனுக்கு இன்னொரு கை இல்லை. நான்தான் பிடுங்கினேன். உடைந்த இடம் உள்ளே கறுத்து, பூஞ்சை நாற்றம் அடித்தது. அதை ஆற்றில் எறியச் சொன்னான், எறிந்தேன்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். விரல் நரம்பு அறுந்துவிட்டது, புண் ஆறினாலும் இனி மடங்காது என்றார்கள். இப்போது மேரிதான் சோறு ஊட்டுகிறாள், வேட்டி கட்டிவிடுகிறாள். அவள் களையெடுக்கப் போனால், வரும்வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறான்.

நேற்றுப் போயிருந்தேன். மேரி ஊட்டிக்கொண்டே கேட்டாள்: "கல்மூங்கிலயே பொளந்துடுச்சின்னா எம்மாம் பெரிய மீனுணா அது? இவரு பெருசுன்னு மட்டும்தான் சொல்றாரு. நீங்க பாத்தீங்க இல்ல?"

பிலவேந்திரன் வாயில் சோற்றோடு என்னையே பார்த்தான். அவன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம், அப்படி ஒரு பாசம். என் இரண்டு கைகளையும் முடிந்த மட்டும் அகல விரித்துக் காட்டினேன்.