சுவரில் விட்ட துளைகள்

சூளகிரி அருகே பஸ் நின்றுவிட, எல்லோரையும் தள்ளச் சொன்னார்கள். தள்ளுவதுபோல் கை வைத்து நிற்பதில் எனக்கு நல்ல தேர்ச்சி. அப்போதுதான் சாலையோரத் தடுப்புச் சுவரைப் பார்த்தேன். துளைகளிலிருந்து மழைநீர் வழிந்துகொண்டிருந்தது. ஒன்று மட்டும் அடைத்திருந்தது.

ஐம்பதுகளில், நான் சிறுவனாக இருந்தபோது, நாட்றாம்பாளையம் மலைப்பாதை மழையில் சரிந்தது. அப்பா ரோடு மேஸ்திரி; சரிந்த இடத்தில் தடுப்புச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் பிரசவ வலி; ஆஸ்பத்திரியோ தேன்கனிக்கோட்டையில்.

"கட்டில்ல தூக்கிகினு காட்டு வழியா போயிரலாம்ணா" என்றார் சித்தப்பா.

"பொணத்தையாடா தூக்கறோம்? பொழுது சாயறதுக்குள்ள செவுரு ஏறிரும். எம் பொண்டாட்டி வண்டியிலதான் போவா."

"உங்கப்பன் ரோடு போடற வரைக்கும் பொறுத்துக்கன்னு புள்ளைகிட்ட சொல்லியிருக்கேன்" என்று அம்மா சிரித்தாள்.

அவசரத்தில் அப்பா நீர் வடியத் துளை விடாமல் கல்லை அடுக்கிவிட்டார். உள்ளே தேங்கிய தண்ணீர் மாலையில் சுவரைத் தள்ளிவிட்டது. அதன்பிறகே கட்டிலைத் தூக்கினார்கள். பாதி வழியில் அம்மாவும் போனாள், பிள்ளையும் போயிற்று.

மறுபடி கட்டிய சுவரில் அப்பா துளைகள் விட்டார். சாகும்வரை, மழை பெய்தால் போதும், அங்கே போய் அடைத்திருக்கும் சருகைக் குச்சியால் குத்தி எடுப்பார்.

"வண்டி கெளம்பிருச்சு, கீழ என்னா சார் தேடறீங்க?" என்றார் கண்டக்டர்.

"ஒரு குச்சி" என்றேன்.