மீன் லாரிக்கு ஒரு ஸ்டெப்னிக் கதவு

பட்டறைக்காரனை ஜனங்கள் நினைத்துக்கொள்வது வண்டி நின்றுபோன இடத்தில்தான். ஓடுகிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு யாரும் அவனை வாழ்த்தியதாகச் சரித்திரம் கிடையாது. உங்களில் யாராவது ஸ்பானர் பிடித்துப் பிழைத்தவராக இருந்தால் இதற்கு மேல் விளக்கமே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

யுத்தம் முடிந்து, பட்டாளத்து வண்டிகளையெல்லாம் டிஸ்போசல் ஏலத்தில் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த சமயம். நானும் காதர் பாயும் மயிலாப்பூரில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் பட்டறை போட்டிருந்தோம். நான் யுத்த காலம் முழுவதும் லாரிகளுக்கு அடியில் படுத்தே தொழில் கற்றவன். பாய் கொல்லு வேலை, வெல்டிங் இரண்டிலும் கெட்டிக்காரர். வாயில் அதைவிடக் கெட்டிக்காரர். ‘சகல மோட்டார் வேலைகளும் செய்யப்படும்’ என்று வாசலில் பெரிதாக எழுதி வைத்திருந்தோம். வந்ததென்னவோ சைக்கிளும் பம்ப் ஸ்டவ்வும்தான்.

நாலு ஆள் கதவு

ஒரு நாள் காலையில் தெருவே மீன் வாசனையடிக்க ஒரு பழைய பட்டாள லாரி வந்து நின்றது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. மாட்டுவண்டி புதைந்துபோகிற மணலில்கூட அது பாட்டுக்குப் போகும். அதிலிருந்து இறங்கியவள் நாகம்மா. நொச்சிக்குப்பத்து மீன்காரப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கிய வண்டி அது. முடியாது, வேண்டாம் என்றவர்களையெல்லாம் பேசிப் பேசியே சேர்த்தவள் இவள்தான். அவள் தம்பி ஓட்டினான்.

வண்டியில் ஒரே ஒரு கோளாறு. ஸ்டெப்னியைப் பின்பலகையிலேயே முடுக்கியிருந்தார்கள். பலகையைத் திறந்தால் சக்கரமும் சேர்ந்து தொப்பென்று விழும். திரும்ப மூடுவதற்கு நாலு ஆள் வேண்டும். பட்டாளத்தில் ஆளுக்கா பஞ்சம்! குப்பத்தில் விடிந்தால் ஆண்களெல்லாம் கடலில். அதனால் கூடைகளைப் பக்கவாட்டில் தூக்கி எறிந்து ஏற்ற, அடியில் கிடந்த மீன் கூழாகிக்கொண்டிருந்தது. ஆடித் திருவிழாவுக்குள் இதற்கு ஒரு வழி பிறக்காவிட்டால் வண்டியை விற்றுவிட்டுப் பழையபடி தலைச்சுமைதான் என்று பெண்கள் முடிவு கட்டிவிட்டார்களாம். நாகம்மா குனிந்து, கூடை அழுத்தி முடியே இல்லாமல் போன தன் உச்சந்தலையை எனக்குக் காட்டினாள்.

“சொமக்க வாணாம்னுதானே நைனா வண்டி வாங்கினோம்? இப்ப மீனையும் சொமக்கறோம், சக்கரத்தையும் சொமக்கறோம்.”

இலவச ஆலோசனை

சக்கரத்தைப் பலகையிலிருந்து கழற்றி, தனியாக ஒரு இரும்புக் கையில் மாட்டுவது என்று நானும் பாயும் தீர்மானித்தோம். கை ஒரு மூலையில் கேட்டுக் கதவு மாதிரி திரும்பும். முதலில் சக்கரத்தை விலக்கிவிட்டு, அப்புறம் பலகையை இறக்கிக்கொள்ளலாம். தரையில் சாக்கட்டியால் படம் போட்டுக்கொண்டிருந்தபோது சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. தரையில் யாராவது எதையாவது வரைந்தால் மயிலாப்பூர்க்காரர்களால் தாண்டிப் போக முடியாது. வண்டிக்கு அடியில் கட்டு என்றார் ஒருவர். மணலில் உழுதுகொண்டு போகும் என்றேன். உள்ளே போடு என்றார் இன்னொருவர். கூடைகளை எங்கே வைப்பது?

தன் காருக்குப் பிரேக் பார்க்க வந்திருந்த வக்கீல் ஒருவர், மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், “இத்தனை அமர்க்களம் எதுக்குடாப்பா? ஸ்டெப்னியை ஆத்துல வச்சுட்டுப் போனா என்ன?” என்றார். கூட்டம் ஒரு நிமிஷம் அதைப் பெரிய யோசனையாகத்தான் எடுத்துக்கொண்டது. நாகம்மா மட்டும் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“பஞ்சரு ஊட்ல குந்திகினு கீறப்பவா சாமி ஆவுது?”

பங்களாக் கீல்

முதல் கையை நாங்கள் செய்த அழகை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. கேட்டுக் கதவு மாதிரி என்று சொன்னேன் அல்லவா? சொன்ன வாய்க்கு ஏற்ற மாதிரி, அடையாறு பக்கம் இடித்த ஒரு பங்களாவின் கேட்டுக் கீலையே வாங்கி வந்து, லாரியின் வலது பின்மூலையில் மாட்டிவிட்டோம். சக்கரம் மாட்டாதவரை விரல் பட்டாலே திரும்பியது. நானும் பாயும் ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டோம். சக்கரத்தை மாட்டியதும் கை லேசாகத் தலை குனிந்தது. பெண்ணுக்கு வெட்கம் என்று சொல்லிச் சிரித்துவிட்டு வெள்ளோட்டத்துக்குக் கிளம்பினோம்.

லஸ் முனை வரைக்கும் ஒன்றும் இல்லை. அங்கே நின்று கிளம்பித் திரும்பியபோது ஒரு குலுக்கல். குனிந்திருந்த கை, மறுமுனையில் அதைப் பிடித்திருந்த கொக்கியை விட்டு நழுவி, சக்கரத்தோடு நடுரோட்டுப் பக்கம் வீசியது. நல்ல வேளை, ஆள் மேல் படவில்லை. நடுவில் நின்ற போலீஸ்காரரின் குடையை மட்டும் தட்டிக்கொண்டு போய்விட்டது. வேடிக்கை பார்க்க டிராமே நின்றது. நான் குடையைப் பொறுக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். அவமானத்தில் எனக்குக் காது இரண்டும் எரிந்தன. அவர் குடையை விரித்து, கம்பி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“திரும்பறதுக்கு முன்னாடி கைய காட்டணும்னுதான்யா ரூல்ஸு. சக்கரத்த காட்டச் சொன்னது எவன்?”

படுத்த இருசு

லஸ் முனைச் செய்தி எங்களுக்கு முன்னால் குப்பத்துக்குப் போய்விட்டது. சவுக்கு விறகு வியாபாரி ஒருவர் லாரியை வாங்கிக்கொள்வதாக வந்து, சுற்றிப் பார்த்து, டயரை உதைத்தும் பார்த்துவிட்டாராம். வண்டி வேண்டாம் என்று முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த குப்பம்மா என்கிற பெண்மணி அவருக்கு மோர் கொடுத்து உபசரித்தாளாம். நாகம்மா வந்து இதைச் சொல்லிவிட்டு, “முடியுமா, முடியாதா? ஒரே வார்த்தை சொல்லு நைனா” என்றாள். முடியும் என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. கோபத்தில் சொன்னது.

கோபம் தணியாமல் பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு வண்டிக்காரர் மாட்டுவண்டியை முட்டுக் கொடுத்து நிறுத்தி, சக்கரத்தை உருவி, அது சுற்றுகிற அச்சான இருசுக்கு மசகு மை போட்டுக்கொண்டிருந்தார். தினமும் பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு மட்டும் என் கண் அந்த இருசை விடவில்லை. ஒரு வண்டி மூட்டையைச் சுமந்துகொண்டு வாழ்நாள் முழுவதும் சுற்றுகிற சக்கரம், இருசைவிட்டுத் தொங்கிப் பார்த்திருக்கிறீர்களா? படுத்திருக்கும் அந்த இருசை நிற்க வைத்து, சக்கரக் குடத்துக்குள் இருக்கும் இரும்புக் குழாயை அதன் மேல் கவிழ்த்து, குழாயோடு கையைச் சேர்த்து வெல்டு வைத்தால்? மேலே கழன்று வராமல் இருக்க வண்டிக்குப் போடுகிற அதே கடையாணி. நான் போட்ட கூச்சலில் மாடு மிரண்டது. பழைய இரும்புக் கடையிலிருந்து இருசு வந்து சேர்ந்து, பின் பம்பர் மூலையில் அது நட்டுக்குத்தாக நின்றபோது பாய் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார்.

“அரே வாத்தியாரே, வெளிய யாராண்டையும் சொல்லாதே. ரெண்டு பேரையும் புடிச்சிக் கீழ்ப்பாக்கத்துல வுட்ருவானுங்கோ.”

எந்தப் பக்கம்?

இருசை வலது மூலையிலேயே வைப்பதா, இடது மூலைக்கு மாற்றுவதா என்று எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. போலீஸ்காரர் முகம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால் நான் இடதுதான் என்று பிடிவாதமாக நின்றேன். கை நடைபாதைப் பக்கம் திறந்தால் யார் குடைக்கும் ஆபத்தில்லை. பாய் வலது என்றார், காரணம் சொல்லவில்லை. அவருக்குக் காரணம் தேவைப்படுவதும் இல்லை. சாயங்காலம் நாகம்மா வந்து, இரண்டு பேரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, லாரிக்குப் பின்னால் கூடையோடு உட்கார்ந்து காட்டினாள். தியாகராய நகர் மார்க்கெட்டில் வண்டியை இடது ஓரமாக நிறுத்துவார்கள். வாங்குகிறவர்கள் வருவது நடைபாதைப் பக்கம். அந்தப் பக்கம் சக்கரம் குறுக்கே வந்தால் வருகிறவர்களை மறிக்கும்.

“ரோட்ல போறவன் கொஞ்சம் நின்னா இன்னா குறஞ்சிடும்? வாங்க வர்றவ நின்னுட்டா, அடுத்தவகிட்ட பூடுவா.”

வலது என்றே முடிவாயிற்று. கையின் மறுமுனைக்குக் கீழே ஒரு சரிவுத் தகடு வைத்தோம். மூடும்போது கை அதன் மேல் ஏறி உட்காரும். கடகடக்காமல் இருக்க பழைய டயர்த் துண்டு, நழுவாமல் இருக்கக் கட்டை விரல் கனத்துக்கு ஒரு ஆணி.

மணலில்

திருவிழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, நொச்சிக்குப்பத்து மணலில் லாரி நின்றது. கட்டுமரங்கள் கரை ஏறியிருந்தன. கூடைகள் நிறைந்திருந்தன. பெண்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். விறகு வியாபாரியும் தன் டிரைவரையே கையோடு கூட்டி வந்திருந்தார். மணலில் வண்டி கொஞ்சம் சாய்வாக வேறு நின்றது. சாய்வில் கை தானாக ஓடி யாரையாவது இடித்தால் எங்கள் கதை முடிந்தது. பாய் உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

நாகம்மா ஆணியை உருவினாள். இரும்புக் கை அசையாமல் இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் அதைத் தொடுவதற்குள் குப்பம்மா முன்னால் வந்துவிட்டாள். தலையில் நிறை கூடை. இரண்டு கையும் கூடையில். “தள்ளு, நான் பாக்கறேன்” என்று சொல்லி, கைகளைக் கூடையிலிருந்து எடுக்காமலே, இடுப்பால் சக்கரத்தை ஓர் இடி இடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே இல்லை. திறந்து பார்த்தால், சக்கரம் சாதுவாகச் சுற்றிப் போய் வலப்பக்கம் நின்றுகொண்டிருந்தது. நாகம்மா பலகையை ஒற்றைக் கையால் இறக்கினாள். குப்பம்மா கூடையை உள்ளே தள்ளினாள். பின்னாலேயே அடுத்தவள், அதற்கடுத்தவள். மீன் ஒன்றுகூட நசுங்கவில்லை. எல்லாம் ஏறி, பலகையைத் தூக்கி மாட்டியதும் குப்பம்மா மறுபடியும் ஓர் இடி கொடுத்தாள். கை தகட்டின் மேல் ஏறி, டொக்கென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன் என்று பாய் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அழுதது உண்மைதான்.

விறகு வியாபாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, வண்டி விஷயமாக என்று ஆரம்பித்தார். நாகம்மா வாயைத் திறப்பதற்குள் குப்பம்மா அவர் பக்கம் திரும்பிவிட்டாள்.

“வந்தது வந்துட்ட, நைனா, ரெண்டு வஞ்சிரம் வாங்கினு போ. வண்டி விக்கறதுக்கில்ல.”

பட்டறைத் தொழிலில் ஜெயிப்பது என்பது இவ்வளவுதான் ஐயா: நீங்கள் ராப்பகலாக உருகிச் செய்ததை ஜனங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டு, அவரவர் வியாபாரத்தைக் கவனிக்கப் போய்விடுவார்கள்.