ஓடுதளத்தில் காய்ந்த நெல்

அன்று ஓடுதளத்தில் இருந்தது நைனா, அம்மா, சின்னம்மா, நான், நான்கே பேர். இன்று சாலையோரம் காயும் நெல்லின் சூட்டு வாசனை மூக்கில் ஏறியதும், யுத்த காலத்தில் சோழவரத்தில் போட்ட அந்த ஓடுதளமும், வெறுங்காலைச் சுட்ட அதன் சிமெண்டும், காலால் நெல்லைக் கிளறும் சரசரப்பும் அப்படியே திரும்பி வந்தன. எப்போதாவதுதான் அங்கே விமானம் இறங்கும்; மற்ற நாளெல்லாம் அது எங்களுக்கு நெற்களம்.

அன்று ஒரு குட்டி விமானம் தலைக்கு மேல் வட்டமடித்தது. சின்னம்மா முந்தானையை ஆட்டினாள். மறுபடி தாழ்ந்து வந்தபோதும் ஆட்டினாள்.

“யக்கா, டாட்டா காட்டிக்கினு போறான் பாரு!”

“டாட்டா இன்னா டாட்டா, நவுரச் சொல்றான்!” என்று நைனா அலறினார்.

எதற்கும் பயப்படுகிற நான்தான் முதலில் பலகையை எடுத்தேன். வருஷச் சாப்பாடு, இன்னும் தூற்றாத நெல், தளம் முழுக்கக் கிடந்தது. பலகையாலும் கையாலும் இரண்டு ஓரத்துக்கும் தள்ளிவிட்டு நாங்கள் புல்லில் விழவும், இறக்கையின் நிழல் எங்களைத் தாண்டவும் சரியாக இருந்தது. இறங்கிய விமானம் எங்கள் அருகே உறுமிக்கொண்டே திரும்பியது. அதன் காற்றில் பதரெல்லாம் பறந்தது, நெல்மணி அசையவில்லை.

அம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டே விமானியைப் பார்த்துக் கத்தினாள். “இந்தாய்யா, அந்தாண்டப் பக்கமும் ஒரு தபா திருப்பிட்டுப் போ!”