லைட் பார்க்கும் யாகூப் நானா

வலது கையை நெற்றியில் குடையாகப் பிடித்தபடி யாகூப் நானா நாலந்தாச் சந்தியில் நிற்கிறார். தம்புள்ளைப் பக்கமிருந்து ஏதோ வருகிறது. வாகனம் இன்னும் தெரியவில்லை. இரண்டு வெளிச்சப் புள்ளிகள்தான் தெரிகின்றன. “ஜெர்மன் கார். புரொஜெக்டர் லைட். உள்ளுக்க முட்டை மாதிரி கண்ணாடி வெச்சீக்கி” என்கிறார். கேட்டவர் எவருமில்லை. கார் கடந்துபோனதும், தானே காசு போட்டு வாங்கிய பெருமையோடு தலையை ஆட்டிக்கொள்கிறார்.

தொழில், வாகனத் தரகு. ஆனால் எஞ்சினைத் திறந்து பார்க்கமாட்டார். டயரை உதைத்துப் பார்க்கமாட்டார். மாப்பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்துப் பெண் கொடுக்கிறவர் மாதிரி, லைட்டைப் பார்த்தே காருக்கு விலை சொல்வார். இவரை நம்பிக் கலேவெலயிலிருந்தும் பல்லேபொலயிலிருந்தும் ஆட்கள் வருகிறார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும்.

அவருடைய ஆய்வுகூடம் என் வீட்டு முன்மதில். அதற்கு வெள்ளை அடித்தது என் குற்றம். பொழுதுபட்டதும் ஒரு காரைக் கொண்டுவந்து மதிலுக்கு நேரே நிறுத்துவார். வெளிச்சம் எந்த உயரத்தில் வெட்டி நிற்கிறதோ, அந்த இடத்தில் கரித்துண்டால் கோடு கீறுவார். போன தீபாவளிக்கு அடித்த வெள்ளை தை பிறக்குமுன் கறுத்துப் போயிற்று. “இதென்ன நானா அநியாயம்?” என்று கேட்டால், “அழிச்சிராதீங்க சேர், ரெண்டு காரையும் ஒப்பிட்டுப் பாக்கோணும்” என்கிறார். மதில் என்னுடையது என்ற எண்ணமே அவருக்கு இல்லை.

ஒப்பிடத் தொடங்கினால் ஓயமாட்டார். “ஹலோஜன் என்டா பழுத்த பிலாச்சுளைக் கலர் சேர். மழை பெஞ்சா ரோட்டு அதைக் குடிச்சிரும். செனன் அப்படியில்ல. நீலம் போட்டு வெளுத்த சாரன் மாதிரி ஈக்கும். உள்ளுக்க கம்பியே இல்ல, வாயுதான் பத்துது!” பிறகு குரலைத் தாழ்த்துவார். “ஜப்பான்காரன் இப்ப எல்.ஈ.டி. உட்டீக்கான். மணி மணியா பதிச்சீக்கி. மனிசன் மௌத்தானாலும் அது மௌத்தாகாது.” ஜப்பான்காரன் விட்டதை இவர் கண்டது சலூனில் கிடந்த பழைய சஞ்சிகை ஒன்றில்.

இத்தனைக்கும் இவர் ஓடுவது ஒரு கிழட்டு மோட்டார் சைக்கிள். அதன் முன்விளக்கில் பல்பும் இல்லை, கண்ணாடியும் இல்லை. அந்தக் குழியில் வெற்றிலையும் பாக்கும் வைத்திருக்கிறார். “குசினி பல்ப் பியூஸ் போய் நோம்பும் முடிஞ்சிட்டு. இந்த மனிசன் ஊரான்ட லைட்டைப் பாத்துக்கிட்டுத் திரியுது” என்று அவர் மனைவி கைறுன்னிஸா என் வீட்டுக் கிணற்றடியில் நின்று சொல்வார். பாவம், அவர் வேறு யாரிடம் சொல்வார்?

போன கார்த்திகையில் ஒரு நாள், பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம், அவர்களுடைய மகள் மஸீனாவுக்குப் பிரசவ வலி கண்டது. தலைப்பிள்ளை. மருமகன் கத்தாரில். மழையோ கொட்டுகிறது. மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நான் என் வேன் சாவியோடு ஓடினேன். யாகூப் நானா என்னை மேலும் கீழும் பார்த்தார். “இந்த மழைக்கு உங்கட வேனா? அதுல ஈக்கிறது லைட்டில்ல சேர், கொசுவத்தி!” விற்றுத் தரும்படி கண்டிக்காரர் ஒருவர் விட்டுப்போன ஜெர்மன் கார் அவர் முற்றத்தில் நின்றது. முதல்நாள்தான் வந்திருந்தது. எந்தப் பொத்தான் எதற்கென்று அவருக்கே தெரியாது. சண்டை பிடிக்க நேரமா அது? தாயும் மகளும் பின்னால் ஏற, ஓட்ட உட்கார்ந்த நானாவுக்குப் பக்கத்தில் நான் ஏறினேன்.

வழியில் ஒரு செக் பொயின்ட். இருட்டிவிட்டால் அதை நெருங்குமுன்பே முன்விளக்கை அணைத்து, உள்விளக்கைப் போட்டு, மெதுவாகப் போக வேண்டும். யுத்த காலத்தில் இந்த வீதியில் ஓடுகிற எவனுக்கும் இது தெரியும். யாகூப் நானாவுக்கும் தெரியும். அந்த லைட்டை எப்படி அணைப்பது என்பதுதான் தெரியாது. அது இருட்டைக் கண்டதும் தானாகப் பற்றிக்கொண்ட லைட்.

கார் வளைவில் திரும்பியது. ஸ்டியரிங் போன பக்கம் லைட்டும் கூட்டுக்குள்ளேயே கண் மாதிரித் திரும்பி, மணல் மூட்டைக்குப் பின்னால் நின்ற சிப்பாயின் முகத்தில் பளீரென்று அடித்தது. “லைட் நிவாபங்!” என்று அவன் கத்தினான். அணை என்கிறான். துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பின.

“நூருங்கோ நானா, லைட்டை நூருங்கோ!” என்று நானும் கத்தினேன். அவர் ஒன்றைத் திருகினார்; வைப்பர் வேகமாக ஆடியது. ஒன்றை அழுத்தினார், ரேடியோ பாடியது. கடைசியில் எஞ்சினையே நிறுத்தினார். அப்போதும் லைட் அணையவில்லை! இறங்கி வீட்டுக்குள் போகும்வரை வழிகாட்டுமாம் அந்தக் கார். பெரிய உபகாரம்! “யா அல்லாஹ், என்ட புள்ள!” என்று கைறுன்னிஸா அலறினார். மஸீனா என் இருக்கையைப் பின்னாலிருந்து பிடித்துப் பிறாண்டினாள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்று சொல்லும் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான் கையைத் தூக்கினேன். 

ஓட்டியவரை இறங்கச் சொன்னார்கள். யாகூப் நானா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியபடி இறங்கி, மழையில் நடுங்கிக்கொண்டு நின்றார். டோர்ச்சோடு வந்த சார்ஜன்ட் பின் இருக்கையைப் பார்த்தார். மறுகணமே, “பிள்ளை பிறக்கப் போகிறது, நிற்காதே, போ போ!” என்று சிங்களத்தில் விரட்டினார். மஸீனா நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது அந்த மனிதரின் புண்ணியம். நானாவுடைய லைட்டால் அல்ல.

போ என்றால் ஒரு தகப்பன் என்ன செய்வான்? பாய்ந்து ஏறுவான். யாகூப் நானாவும் திரும்பத்தான் திரும்பினார். அந்த நேரம் பார்த்து, வெளிச்சம் பட்டுக் கண் கூசிய சிப்பாய் வாயைத் திறந்தான். “அது சரி, உன் லைட் எப்படி என்னைத் திரும்பிப் பார்த்தது?”

யாகூப் நானா நின்றார். நடுக்கம் போய்விட்டது. முகத்தில் ஒரு பிரகாசம். “ஆ, அதா மாத்தயா…” என்று தொடங்கினார்.

“வாப்பா!” என்று உள்ளேயிருந்து மஸீனா கதறினாள்.

கார் லைட் அப்போதுதான் தானாக அணைந்தது. சார்ஜன்டின் டோர்ச் வெளிச்சத்தில், தூக்கிய கைகளை இறக்காமலே, யாகூப் நானா இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு லைட் மாதிரி ஒருசேர மெதுவாக இடப்பக்கம் திருப்பிக் காட்டினார், பிறகு வலப்பக்கம்.