மலை ரயிலில் பிச்சிப்பூ

எங்கள் வீட்டில் பூவுக்காக நடந்த சண்டையில் பாதிகூட சொத்துக்காக நடந்ததில்லை. அப்பாவுக்குத் தோவாளைச் சந்தையில் பூ வியாபாரம். கூடை கூடையாகப் பூ வந்து போகிற வீட்டில், மிஞ்சுகிற பிச்சிச் சரம் யாருக்கு என்று அம்மாவும் அவள் தங்கையும் தினமும் மல்லுக்கு நிற்பார்கள். சித்திக்குக் கல்யாணமாகி இருந்தாலும் சித்தப்பா வளைகுடாவில் வேலை பார்த்ததால் அவள் எங்களோடுதான் இருந்தாள். "ஏட்டி, ஒனக்கு மட்டும் இவ்வளவு நீட்டமா?" என்று அம்மா சரத்தை முழம் போட்டுப் பார்ப்பாள்.

சித்திக்கு ஊட்டி மலை ரயிலில் போக வேண்டும் என்று ஆசை. லீவில் வருகிறபோது போகலாம் என்று சித்தப்பா முன்கூட்டியே எங்கள் எல்லோருக்கும் டிக்கெட் போட்டு வைத்திருந்தார். வருவதற்குச் சில நாள் இருக்கையில் அங்கேயே நெஞ்சு வலித்துப் போய்விட்டார். உடல் ஊர் வந்து சேர நாளாகும். அதுவரை பெண்டாட்டியிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். முகத்தைக்கூடப் பார்க்காமல் அவள் எத்தனை நாள்தான் கிடந்து அழுவாள் என்று கேட்பார்கள்.

வீட்டில் இருந்தால் யாராவது வாய்தவறிச் சொல்லிவிடுவார்கள். சித்தியின் போனை ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாக அப்பா வாங்கி ஒளித்தார். "அவனுக்கு லீவு தள்ளிப் போச்சாம். டிக்கெட்ட வீணாக்கண்டாம், நாம போயிட்டு வருவோம்" என்றார். என்னிடமும் யாரும் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்புக்காரி, ஓட்டைவாய் என்பது அவர்கள் கணிப்பு. சரியான கணிப்புதான்.

மேட்டுப்பாளையத்தில் அந்தக் குட்டி ரயிலைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்ஜின் முன்னால் இழுக்காமல் பின்னால் நின்று முட்டித் தள்ளியது. தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இன்னொரு தண்டவாளம் ஓடியது. சித்தப்பாவின் ஜன்னலோர இருக்கையில் நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவர் வராமல் போனது எனக்கு எவ்வளவு வசதி என்றுகூட நினைத்தேன், பாவி. சித்தி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எட்டிப் பாக்காத மக்கா, இதெல்லாம் சித்தப்பாவுக்குச் சொல்லணும், நல்லா பாத்து வச்சுக்கோ" என்றாள். அப்பா சட்டென்று எதிர்ப்பக்க மலையைப் பார்த்தார்.

இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க ஒரு காட்டு ஸ்டேஷனில் ரயில் நின்றது. எல்லோரும் இறங்கினோம். அம்மா பையிலிருந்து வாழையிலைப் பொதியை எடுத்துப் பிரித்தாள். ஊரிலிருந்து தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்த பிச்சி. மொத்தச் சரத்தையும் மடித்து சித்தியின் தலையில் வைத்தாள். ஓரத்தில் தொங்கியதைக்கூட நுள்ளி எடுக்காமல் அதையும் சேர்த்துச் செருகினாள்.

"ஒனக்கு வேண்டாமாக்கா?" என்றாள் சித்தி.

"நீயே வச்சுக்கோட்டி. எனக்கென்ன, என்னைக்கும் வைக்கதுதானே."

சித்தி திரும்பி அம்மாவின் வெறுந்தலையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார், ஏற்கெனவே ஒரு தடவை கழுவிய முகத்தை. ரயில் கிளம்பியபின் சித்தி ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு வேடிக்கை பார்க்க நிறைய இருந்ததால் அது பெரிதாகத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு குகை வந்தது. மலை ரயில் குகைக்குள் நுழைந்தால் பெட்டியில் உள்ள அத்தனை பேரும் கூச்சல் போடுவார்கள், அது ஒரு விளையாட்டு. முந்தைய குகைகளிலெல்லாம் வெட்கப்பட்டு வாய்பொத்திச் சிரித்த சித்தி இந்த இருட்டில் கத்தினாள். அம்மாடியோ, என்ன சத்தம்! மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் அவள் குரல் மட்டும் நீண்டுகொண்டே போனது. எங்கள் சித்தி ஜெயித்துவிட்டாள் என்று நான் கைதட்டினேன். பெட்டியில் பலரும் சேர்ந்து தட்டினார்கள்.

வெளிச்சம் வருவதற்குள் என் தலையில் ஏதோ சில்லென்று பட்டது. பிச்சிச் சரம். "இனி எனக்கு என்னத்துக்கு மக்கா, நீ வச்சுக்கோ" என்று என் காதோடு சொன்னாள். அம்மாவுக்கு அது கேட்கவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் ஆம்புலன்ஸ் வந்தது. பெண்கள் சித்தியைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்கள், அவளும் அப்போதுதான் கேட்பவள்போல விழுந்து அழுதாள். "அந்த ஒரு நாளாவது ஒண்ணும் தெரியாம சந்தோசமா சிரிச்சுக் கத்திக்கிட்டு வந்தா" என்று அம்மா இன்றைக்கும் சொல்லி ஆறுதல் தேடிக்கொள்கிறாள். சித்தி பக்கத்தில் இருந்தால் ஆமாம் என்று தலையாட்டுவாள். குகையில் அவள் காதோடு சொன்னதை மட்டும் இந்த ஓட்டைவாய் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு ரயில் அந்தக் குகையைவிட்டு வெளியே வந்ததும் அம்மா என் தலையைப் பார்த்தாள். "ஏட்டி, சித்திகிட்ட இருந்து பூவைப் பிடுங்குனியா?" என்று ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். சரத்தை உருவி மறுபடியும் சித்தியின் தலையில் வைக்கப் போனாள். சித்தி அக்காவுக்கு எட்டும்படி தலையைக் குனிந்து கொடுத்தாள்.

அந்தப் பெட்டியில் அன்றைக்கு வாய்விட்டு அழுதவள் நான் ஒருத்திதான். பூ போய்விட்டதே என்று.